தேறலும் காடியும்: கல்முனைக் கரையோர விருந்து பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உணவுக்கேற்ற மதுவைத் தேர்ந்து அருந்துதல் மேனாட்டார்க்கே உரிய வழக்கெனப் பலர் கருதுவர். சங்க நூல்களைப் பயில்வார்க்கு இக்கருத்து உடன்பாடாகாது. நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு எயிற்பட்டினத்துப் பரதவர் முதிர்ந்த தேறலையும் சுட்ட குழல்மீனையும் ஒருங்கே அளிப்பர் எனச் சிறுபாணாற்றுப்படை கூறும். மீனுக்கு இன்ன மது இயையும் என்னும் துணிவு இதனுள் அடங்கியிருக்கிறது. யவனர் கலங்களில் வந்த மணமிக்க மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழுமாறு பாண்டியனை நக்கீரர் வாழ்த்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டும். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிற் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் அதற்குச் சான்றாயின. இலங்கையிலோ கொடிமுந்திரி பயன்படுவதில்லை எனவும், ஏனைய கனிகள் மிக்கிருந்தன எனவும், குளோடியசு மன்னன் காலத்து இலங்கைத் தூதுவர் தந்த செய்திகளைக்கொண்டு பிளினி எழுதினார். ஆகவே இத்தீவின் மதுவரலாறு பெரும்பாலும் பாளையின் வரலாறேயாகும்.

அந்தப் பாளை செழித்த கரைகளுள் ஒன்று மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கரை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டமான இப்பகுதியில் நெய்தலும் மருதமும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கின்றன. கிழக்கே தென்னஞ்சோலையும் கடலும், மேற்கே வயல். 1626ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துரைப்பது. தமிழ் பேசும் அம்மக்களின் விருந்திலே தேறலுக்கு இடமில்லை. எனினும், ஒன்று விலக்கப்பட்டது என்று சொல்லி முடித்துவிடுவது வரலாறாகாது. அது விலக்கப்பட்டபின் அதன் தொழிலை எது செய்தது என்பதே ஆராயத்தக்கது.

மதுவைத் தடுக்கும் திருவசனம் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளது. அவ்வத்தியாயத்தின் பெயர் ‘அல்மாஇதா’, அதாவது உணவு பரப்பிய விரிப்பு. தடை போதைக்கேயன்றிப் பழத்துக்கன்று. பேரீச்சம்பழம் ஊறிய நீரை நபிகள் நாயகம் மூன்று நாளுக்குள் அருந்தினார்கள், எஞ்சியது கொட்டப்பட்டது. காடியையோ நல்லதொரு தொடுகறியெனப் பாராட்டினார்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு இதில் நுண்ணிய ஒரு வரம்பை இடுகிறது. மது தானாகவே புளித்துக் காடியாகுமெனின் அது தூயது. பிறிதொரு பொருளைச் சேர்த்து மாற்றப்படுமெனின் தூயதன்று. ஹனபி மத்ஹபினர் இரண்டாவதையும் ஏற்பர். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய இனிய நீர் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கிக் கள்ளாகிறது; மேலும் காற்றுப் படவிட, வேறு நுண்ணுயிர்கள் அதன் மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கக் காடி பிறக்கிறது. மக்கள் வழக்கில் இதுவே வினாகிரி. ஒரே பாளையின் நீர் மூன்று நிலைகளைக் கடக்கிறது. இடையிலுள்ள நிலையைத் தவிர்த்து முதலையும் முடிவையும் கொள்ளலாம் என்பது சட்டவறிஞர் முடிபு.

இனி விருந்தைக் காண்போம். படிக்கத்திற் கைகழுவியபின், ‘சகன்’ எனப்படும் பெருந்தட்டைச் சூழ்ந்து ஐந்தாறு பேர் அமர்வர். இச்சொல் தட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு. மூத்தவரும் இளையவரும் ஒரே தட்டிற் கையிடுவர். நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, கோழிப்பொரியல் என யாவும் கொழுப்பு மிக்கவை. அவற்றோடு வினாகிரியில் ஊறிய வெங்காயமும் மிளகாயும் கொண்ட அச்சாறு வரும். இலங்கை முஸ்லிம்களின் விருந்துச் சோற்றோடு பெரிதும் இணைந்த மலே அச்சாறு, ஒல்லாந்தர் காலத்திற் சாவகம் முதலிய இடங்களிலிருந்து வந்த மலாயரை நினைவூட்டுவது. மேனாட்டான் கொழுத்த இறைச்சியோடு செம்மதுவை அருந்துவது ஏன்? அதன் புளிப்புக் கொழுப்பின் திகட்டலை அறுக்கிறது. அதன் துவர்ப்பு நாவைத் துடைக்கிறது. சகனிலே முதற்பணியை அச்சாறு செய்கிறது. இரண்டாவதைச் செய்வது உணவின்பின் வரும் வெறுந்தேநீர். செம்மதுவின் துவர்ப்பும் தேயிலையின் துவர்ப்பும் தனின் வகைப் பொருள்களாலேயே அமைகின்றன. வட்டிலப்பத்தின் இனிப்புக்குப்பின் சீனி குறைந்த இஞ்சித் தேநீரைக் குடித்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் தேநீர் பழையதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிற் பயிரிட்டதன் பின்னரே தேயிலை இத்தீவிற் பெருந்தோட்டப் பயிராயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தமை அதற்கு வழிவிட்டது. வயலோரக் குடும்பங்களின் அன்றாட உணவிற் புளிப்பைத் தந்தது எருமைத்தயிர். நீரூற்றிய பழஞ்சோறும் ஒருவகையில் நொதித்த உணவே. கள் வெறுத்த வீட்டிலும் நொதித்தற்கலை குன்றவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

சொற்களின் போக்கு வேடிக்கையானது. சாராயத்தைக் குறிக்கும் ‘அரக்’ என்பது வியர்வையைச் சுட்டும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சர்பத்தும் குடித்தலைக் குறிக்கும் அரபு வேரினின்று வந்ததே. முன்னதை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டினர். 1912இன் மதுவரிச் சீர்திருத்தம் நாடளாவிய மதுவொழிப்பியக்கத்தைக் கிளர்ந்தெழச் செய்தது. கசகசா மிதக்கும் சர்பத்தோ அரசுக்கு எவ்வருவாயும் தராமல் விருந்துகளில் நிலைத்தது. இன்று அதன் இடத்தைப் போத்தற் பானங்கள் பெரிதும் பற்றிக்கொண்டன. அவற்றில் இனிப்பே மேலோங்கி நிற்கிறது, துவர்ப்பு இல்லை. நெய்ச்சோற்றுக்கு அவை எவ்வாற்றானும் பொருந்தா.