தொண்டை வலியும் சோதனைக்கூடமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



கேமரன் மலையில் கியா பார்ம் போன்ற குளிர்ந்த ஊர்களில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வருவது புதிதன்று. வெந்நீரும் மிளகு இரசமும் போதும் என்பது நம் வீட்டு வழக்கம். பெரும்பாலும் அது பொருந்தும். ஏனெனில் வைரசினால் வரும் வலி தானே தணிந்துவிடும். ஆனால், தொண்டை வலியோடு மருத்துவரிடம் வரும் பிள்ளைகளுள் ஏறக்குறைய பத்தில் இருவர் மூவருக்கு 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் நுண்ணுயிரே காரணம். அதைக் கவனியாது விட்டால், சிலருக்குச் சில வாரங்களில் வாதக் காய்ச்சல் தோன்றி இதய வால்வுகளை நிரந்தரமாகப் பழுதாக்கக்கூடும்.

தொண்டையைப் பார்த்த அளவில் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அதனாலேயே சோதனைகள் பிறந்தன.

மணிமாலைபோல் கோத்து நிற்கும் நுண்ணுயிர்களுக்கு 1874-இல் இப்பெயரைச் சூட்டியவர் வியன்னா அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். 1903-இல் ஜெர்மானியரான ஷாட்முல்லர், இரத்தம் கலந்த அகார் தட்டில் இவற்றை வளர்த்தார். சிவப்பணுக்களை அழிக்கும் வகையைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றியது. 1933-இல் நியூயார்க்கில் ரெபெக்கா லான்ஸ்பீல்ட் இவற்றை 'ஏ', 'பி' எனப் பிரிவுகளாக வகுத்தார். தொண்டை நோய்க்குப் பெரிதும் காரணம் 'ஏ' பிரிவே. அதை எளிதில் அடையாளங்காண, பாசிட்ராசின் மருந்து தோய்ந்த சிறு வில்லையைப் பயன்படுத்தும் முறையை 1953-இல் மாக்ஸ்டெட் வெளியிட்டார்.

1932-இல் டாட் கண்ட 'ஏ.எஸ்.ஓ.' இரத்தச் சோதனை வேறு வகையானது. உடலில் எதிர்ப்பொருள் உயர வாரங்கள் ஆகுமாதலால், அது கடந்துபோன தொற்றைக் காட்டுமேயன்றி இன்றைய தொண்டை வலியைக் காட்டாது. 1980-களில் வந்த விரைவுச் சோதனை சில நிமிடங்களில் விடை தரும். எனினும் சில தொற்றுகளை அது தவறவிடும். ஆகவே, பிள்ளைகளுக்கு 'இல்லை' என்று விடை வந்தால், அகார் தட்டில் வளர்த்து மீண்டும் உறுதி செய்வது பல நாடுகளில் வழக்கம்.

தமிழ் மண்ணிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் கிரேஸ் கோஷியும் வி. பெஞ்சமினும் தென்னிந்தியச் சமூகமொன்றின் பிள்ளைகளிடையே இத்தொற்றைக் கண்காணித்து 1977-இல் ஆய்வு வெளியிட்டனர். நலமான பிள்ளைகளின் தொண்டையிலும் இந்நுண்ணுயிர் நோயின்றித் தங்குவதுண்டு. ஆதலால், சோதனை முடிவை நோய்க்குறிகளோடு சேர்த்து மருத்துவரே எடைபோட வேண்டும். இருமலும் மூக்கொழுகலும் குரல் கம்மலும் இருந்தால் பெரும்பாலும் அது வைரசே.

பெற்றோர் பலர், "முடிவு வர இரண்டு நாளா? உடனே மருந்து கொடுங்கள்" என்பர். நோய் தொடங்கி ஒன்பது நாள்களுக்குள் பெனிசிலின் தொடங்கினாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆகவே, வளர்ப்புச் சோதனைக்குக் காத்திருக்கும் ஓரிரு நாள்களால் இதயத்திற்குக் கேடில்லை. மருத்துவரிடம் செல்லாமலே கழியும் நாள்களே ஆபத்தானவை. மாத்திரை தரப்பட்டால், மூன்றாம் நாளே வலி நீங்கினும், பத்து நாளும் முடித்தல் வேண்டும்.

இருமலின்றிக் காய்ச்சலும் விழுங்க முடியாத வலியுமாக வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவனை முதலில் காண்பவர் ஆசிரியரே. அன்றே பெற்றோருக்குத் தெரிவிப்போம். நம் பிள்ளைகளின் இதயம் காப்போம்.