பாத்திரம் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க நாளிதழ்களுக்குச் சித்திரக்கதைகளை விற்பதற்காக வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் தொடங்கிய கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்கு 1915 பிறப்பாண்டு. ஆனால் அதற்கான கால்கோள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மொட்டைத்தலைச் சிறுவன் பொருட்டு எழுந்த போட்டியில் நடந்துவிட்டது.

1895இல் ஜோசப் புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ரிச்சர்டு அவுட்கால்ட், ஏழைகள் நெருங்கி வாழும் ஒரு சந்தினை வரையத் தொடங்கினார். அங்கே நீண்ட அங்கி அணிந்து திரியும் மிக்கி டுகன் என்ற மொட்டைத்தலைச் சிறுவனின் பேச்சு அந்த அங்கியிலேயே எழுதியிருக்கும். ஞாயிறு வண்ண இணைப்பில் அங்கிக்கு மஞ்சள் ஏறியதும் ஊரே அவனை ‘மஞ்சள் பையன்’ என்றது. மறு ஆண்டே அதிகச் சம்பளம் தந்து அவுட்கால்ட்டைத் தம் ‘ஜர்னல்’ நாளிதழுக்கு அழைத்துக்கொண்டார் ஹெர்ஸ்ட். புலிட்சர் விடவில்லை, ஜார்ஜ் லக்ஸை வைத்து அதே பையனை வரையச் செய்தார். படைத்தவரால் அதைத் தடுக்க முடியவில்லை.

1897 டிசம்பரில் ருடால்ஃப் டர்க்ஸின் ‘காட்சென்ஜாமர் கிட்ஸ்’ ஜர்னலில் வந்தது. கட்டம் கட்டமாகக் கதை நகர்வது அதில் வேரூன்றியது. 1912இல் டர்க்ஸ் பிரிந்தபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. தலைப்பு ஹெர்ஸ்டுக்கு, பாத்திரங்களை வேறு பெயரில் வரையும் உரிமை டர்க்ஸுக்கு. ஒரே குறும்புக்காரச் சிறுவர்கள் பல்லாண்டுகள் இரண்டு முகாம்களில் வளர்ந்தார்கள். பாதி நீதிதான். ஆனாலும் நீதி.

முழு நீதியைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டவர் பட் ஃபிஷர். 1907 நவம்பரில் ‘சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ விளையாட்டுப் பக்கத்தில் மட் என்ற குதிரைப் பந்தயப் பித்தனை அவர் நாள்தோறும் வரைந்தார். சில வாரங்களிலேயே ஹெர்ஸ்ட் அவரையும் அழைத்தார். புறப்படும் முன், படத்தின் ஓரத்தில் காப்புரிமை தமக்கே என்று ஃபிஷர் எழுதிவைத்தார். பின்னாளில் ஹெர்ஸ்ட் நிறுவனத்துடன் நடந்த வழக்கில் வென்றதும் அவரே. இந்தத் துறையில் வரையப்பட்ட எந்தப் படத்துக்கும் குறையாத மதிப்பு அந்த ஒரு வரிக்கு உண்டு என்பேன்.

ஹெர்ஸ்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1913இல் தனித்தொடராகத் தொடங்கிய ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ பெருவாரியான வாசகர்களைச் சேர்க்கவில்லை. ஹெர்ஸ்டுக்கு அது பிடித்திருந்தது, அதனாலேயே நிலைத்தது. 1944இல் ஹெரிமன் மறைந்தார். உரிமை கையில் இருந்தும் நிறுவனம் வேறு ஓவியரை அமர்த்தவில்லை, தொடரை நிறுத்திவிட்டது.