நிழற்படக் கலையில் ஒரு பெண்மணி: ஜூலியா மார்கரெட் கேமரன்

பங்கின் வரலாற்றைச் சொல்லும் ஜூபிலி மலரில், வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரின் வரலாறு எதற்கு என்று பங்கு மக்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜூபிலி மலரைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் செய்வது என்ன? கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் படங்களைப் புரட்டுகிறோம். "இது யார்? நம் தாத்தாவா? பக்கத்தில் நிற்பவர் யார்?" என்று முகத்தைப் பார்த்துப் பெயரைத் தேடுகிறோம். அந்த முகப் படக் கலையைத் தொடக்க நாள்களிலேயே உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையான ஒருவர், ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார். அவர் பிறந்தது நம் நாட்டிலே; கண்மூடியது இலங்கையின் மலைநாட்டிலே, தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய மண்ணிலே. அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவர் வாழ்விலும் கலையிலும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனாலேயே இக்கட்டுரை.

பிறப்பும் இல்வாழ்வும்

ஜூலியா 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாயார் பிரெஞ்சுக் குடிவழியினர். இளமையில் பெரும்பாலும் பிரான்சு நாட்டிலேயே கல்வி பயின்றார். உடன் பிறந்த சகோதரியர் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். ஜூலியாவோ அறிவுக்கும், அடங்காத ஆர்வத்துக்கும், அள்ளிக் கொடுக்கும் கைக்கும் பெயர் பெற்றார்.

1836-இல் உடல் நலம் தேடித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். தம்மினும் இருபது வயது மூத்தவரான கேமரனை 1838-இல் கல்கத்தாவில் மணந்தார். இந்தக் கேமரன் சாமானியர் அல்லர். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் சீர்திருத்தி, "இராசகாரியம்" என்னும் கட்டாய ஊழியம் ஒழிய வழி செய்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தயாரித்த சட்டக் குழுவிலும் உறுப்பினர். 1860-இல் சட்டமான அது 2024 வரை நம் நாட்டில் வழங்கியது. இலங்கையின் மீது கொண்ட பற்றினால் அங்கே நிலம் வாங்கிக் காப்பித் தோட்டங்களும் வைத்திருந்தார்.

ஹெர்ஷலின் நட்பும் வீண்போகவில்லை. நிழற்படம் மறைந்து போகாமல் நிலைத்திருக்கச் செய்யும் "ஹைப்போ" என்னும் உப்பின் குணத்தைக் கண்டறிந்தவர் அவரே. "நெகட்டிவ்", "பாசிட்டிவ்" என்ற சொற்களை இக்கலைக்குத் தந்தவரும் அவரே. 1842-இல் அவர் அனுப்பிய மாதிரிப் படங்களின் வழியாகவே, கல்கத்தாவில் இருந்த ஜூலியா இப்புதுக்கலையை அறிந்தார்.

கோழிக்கூட்டில் ஒரு கலைக்கூடம்

1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், கவிஞர் டென்னிசனின் இல்லத்துக்கு அருகே வீடு வாங்கினர். இலங்கையின் திம்புள்ளப் பகுதியை நினைவுகூர்ந்து அவ்வீட்டுக்கு "திம்போலா" என்று பெயரிட்டனர். கணவர் தோட்டங்களைப் பார்த்துவர அடிக்கடி இலங்கைக்குக் கப்பலேறுவார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். தாயாரின் தனிமையைக் கண்ட மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. "இந்த வயதில் இனி என்ன?" என்று ஓய்ந்து உட்காருவோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடமே படம் எடுக்கும் கூடமாயிற்று. நிலக்கரிக் கிடங்கு இருட்டறையாயிற்று. 1864 ஜனவரியில், ஆனி என்னும் சிறுமியை எடுத்த படம் நன்றாய் அமைந்தது. தமது முதல் வெற்றி என்று அப்படத்திலேயே எழுதி வைத்தார்.

அக்காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் எளிய செயல் அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்ற வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதைத் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் உலருமுன்னே இருட்டறையில் உருத்துலக்கிக் கழுவ வேண்டும். பிறகு முட்டை வெண்கரு பூசிய தாளின்மேல் அத்தகட்டை வைத்து வெயிலில் காயவிட வேண்டும். முதலில் 11 அங்குலத்துக்கு 9 அங்குலம், 1866 முதல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் எனப் பெரிய தகடுகளையே அம்மையார் கையாண்டார். அமர்ந்திருப்பவர் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாதிருக்க வேண்டும். மருந்துக் கறையால் அம்மையாரின் கைகளும் உடைகளும் எந்நேரமும் கறுத்தே கிடந்தன.

அவருடைய படங்களில் கோடுகள் கூர்மையாக இரா. பனித்திரையினூடே பார்ப்பதுபோல் முகம் மட்டும் ஒளியில் எழுந்து வரும். தொழில்முறைப் படக்காரர் சிலர் தெளிவில்லை, கீறல் இருக்கிறது, விரல் ரேகை பதிந்திருக்கிறது என்று பத்திரிகைகளில் எள்ளினர். அம்மையார் அசையவில்லை. முகத்தின் வெளிவடிவத்தோடு உள்ளத்தின் பெருமையையும் படத்தில் பதிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். டென்னிசன், கார்லைல், பிரவுனிங், லாங்பெல்லோ, டார்வின், வெள்ளைத் தலைமயிர் ஒளிவட்டம்போல் விரிய நிற்கும் முதிய ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை உலகம் இன்றும் அவர் எடுத்த படங்களாலேயே நினைவில் வைத்திருக்கிறது. இலண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இல் அவர் படங்களை விலைக்கு வாங்கியது; 1868-இல் படம் எடுப்பதற்கென அங்கேயே இரண்டு அறைகளையும் ஒதுக்கித் தந்தது.

பணிப்பெண்ணும் தேவதாயும்

புகழ்பெற்ற ஆடவரைப் படம் எடுத்தவர் என்பதோடு அவர் வரலாறு முடிந்திருந்தால் இம்மலரில் எழுத வேண்டியதில்லை. அவர் வீட்டில் மேரி ஹில்லியர் என்ற உள்ளூர்ப் பெண் பணிப்பெண்ணாக இருந்தார். மேசை துடைத்து, விருந்தினருக்குப் பரிமாறிய அந்த இளம்பெண்ணின் முகத்திலே அம்மையார் தேவதாயின் சாயலைக் கண்டார். முக்காடிட்டு, மடியில் குழந்தையை ஏந்தச் செய்து, மீண்டும் மீண்டும் தேவமாதாவாக அவரைப் படம் எடுத்தார். "ஆவியின் கனிகள்" என்ற தலைப்பில், அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் சொல்லும் ஒன்பது கனிகளுக்கு ஒன்பது படங்கள் அமைத்தார். (நாம் ஞானோபதேசத்தில் பன்னிரண்டு கனிகள் என்று படித்திருக்கிறோம், அது இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவின் கணக்கு.) இந்த ஒன்பது படங்களையும் 1865-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார்.

ஊரார் அப்பணிப்பெண்ணை "மேரி மடோன்னா" என்றே அழைக்கலாயினர். 1936-இல் அவர் இறந்தார். அவருடைய பெயர் மறையவில்லை. நாசரேத்தூரில் தண்ணீர் சுமந்து மாவரைத்து வாழ்ந்த ஏழைப் பெண்ணே நம் அன்னை என்பதை நினைத்தால், பணிப்பெண்ணின் முகத்தில் அன்னையைக் கண்டது பொருத்தமே அன்றோ?

இன்னொரு மேரியின் கதை மேலும் வியப்புக்குரியது. கல்கத்தாவில் இருந்தபோதே அயர்லாந்துப் பஞ்சத்துக்கு நிதி திரட்டியவர் அம்மையார். பின்னர் இலண்டன் அருகே பட்னி வெளியில் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த மேரி ரயன் என்னும் அயர்லாந்துச் சிறுமியைக் கண்டார். தாய்க்கு வேலையும் மகளுக்குக் கல்வியும் தந்து, தம் வீட்டிலேயே வளர்த்தார். மேரி ரயன் பணிப்பெண்ணாகவும், படங்களில் அமர்பவராகவும் இருந்தார். அம்மையாரின் படக் கண்காட்சியில் அவரைக் கண்டு மனம் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் 1867-இல் அவரை மணந்தார். அந்த இளைஞர் யார் தெரியுமா? நம் கும்பகோணத்தில் பிறந்த ஹென்றி காட்டன்! இந்திய சிவில் பணியில் உயர்ந்து அசாமின் தலைமை ஆணையராகி, இந்தியர் உரிமைக்குக் குரல் கொடுத்து, 1904-ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசின் தலைவரான சர் ஹென்றி காட்டன் அவரே. பிச்சைப் பாத்திரம் ஏந்திய சிறுமி காட்டன் சீமாட்டியானார்.

இலங்கையில் பெயரற்ற முகங்கள்

1869 முதல் இலங்கையின் காப்பிச் செடிகளை ஒருவகை இலைநோய் தாக்கியது. தோட்ட வருமானம் சுருங்கியது. கணவருக்கோ வயது முதிர்ந்தும் இலங்கை மீது ஏக்கம். 1875-இல் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். அந்நாட்டில் சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு பசுவையும் கப்பலில் உடன் கொண்டு சென்றனராம்!

களுத்துறையில் கடலோரத்தில் தங்கியிருந்த நாள்களில் அம்மையார் அங்குள்ள எளிய மக்களைப் படம் எடுத்தார். வெப்பமும் ஈரக்காற்றும் அந்த ஈரத் தகட்டு முறைக்குப் பகை. வாழ்நாளில் அவர் எடுத்தவற்றுள் ஏறத்தாழ 1,200 படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றில் இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவே. அவற்றில் உள்ளவர்கள் உழைப்பாளிகள், பணியாளர்கள். அவர்களில் பலர் தமிழர் எனக் கருதப்படுகிறது. நம் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாய் மலையேறிய இனத்தார் அவர்கள். வழியிலே காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானோர் பல்லாயிரவர்.

டென்னிசனைப் பார்த்த அதே கண்ணோடுதான் அம்மையார் இவர்களையும் பார்த்தார். அப்படங்களில் ஏளனம் இல்லை. நிமிர்ந்த தலையும் ஆழ்ந்த பார்வையும் உண்டு. இதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு குறை நம் நெஞ்சைத் தைக்கிறது. இவர்களுடைய பெயர்கள் எங்கே? 1878-இல் எடுத்த ஒரு படத்துக்குக் களுத்துறைக் குடியானவர் குழு என்பதே தலைப்பு. சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், கிழவர் தம்மை அவள் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் சொல்வதாகவும் குறிப்பு உள்ளது. வயது எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. அவ்வேளையில் அங்கே விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஓர் ஊழியரின் முதுகின் கட்டழகைக் கண்டு வியந்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். அந்த முதுகு நூலில் ஏறிவிட்டது. அதற்கு உரியவரின் பெயர் ஏறவில்லை.

பிரெஷ்வாட்டரின் பணிப்பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு, பிச்சைக்காரச் சிறுமிக்கும் உண்டு. நம் இனத்து உழைப்பாளிக்கு இல்லை. அம்மையாரின் நல்லுள்ளத்தை நான் ஐயுறவில்லை. ஆயின் தோட்டத்து மக்களைத் தலை எண்ணிக்கையாகவே கணக்கு வைத்த காலம் அது. நல்லவர் கண்ணையும் காலம் ஓரளவு மறைத்துவிடுகிறது.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் மலைநாட்டில் மகனின் தோட்டத்தில் இறந்தார். சாளரத்து வழியே விண்மீன்களைப் பார்த்து, "அழகு" என்று ஒரு சொல் சொல்லிக் கண்மூடியதாகக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்தனர். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். பொகவந்தலாவையில், பரிசுத்த மரியாளின் பெயர் தாங்கிய ஆங்கிலிக்கன் ஆலய வளாகத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பணிப்பெண்ணின் முகத்தில் மரியன்னையைத் தேடியவருக்கு அவ்வன்னையின் பெயராலமைந்த ஆலயத்தின் நிழலே இளைப்பாறும் இடமாயிற்று.

நமக்கு ஒரு சொல்

அன்பர்களே! நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தியில் கேட்கிறோம். நம் ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பண்ணையார் மகனுக்கும் ஒரு வரி. பண்ணையாள் மகனுக்கும் அதே அளவு ஒரு வரி. பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் உண்டு. திருச்சபை யாரையும் "குழு" என்று எழுதி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆனால் நம் வீட்டுச் சுவர்ப் படங்களிலும், விழாப் படங்களிலும் நடப்பது என்ன? ஆயரின் பெயர் உண்டு, குருக்கள் பெயர் உண்டு, நன்கொடையாளர் பெயர் உண்டு. கல் சுமந்தவர், கோவில் மணி அடித்தவர், பீடத்துணி துவைத்தவர் நிற்கும் வரிசைக்கு வந்ததும் "மற்றும் பலர்" என்று முடித்துவிடுகிறோம்.

ஆகவே ஜூபிலி ஆண்டில் ஒரு சிறு வேலையை ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் கேட்கிறேன். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். நினைவுள்ள பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்தி, படத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். ஓரத்தில் நிற்பவரையும், பாதி முகம் மறைந்தவரையும் விட்டுவிடாதீர்கள். கோவிலுக்கென ஒரு பிரதி கொடுத்தால் பதிவேடுகளோடு சேர்த்துப் பாதுகாப்போம்.

களுத்துறைச் சிறுமியின் பெயரை இனி யாராலும் எழுத முடியாது. இறைவன் ஒருவரே அறிவார். நம்மால் எழுதக் கூடிய பெயர்களையாவது நாம் எழுதி வைப்போம்.