யார் கைவிட்ட நகரம்?

அழிந்த நகரங்களைக் காணும் ஆவல் மனிதருக்குப் புதியதன்று. ஆயினும், நம் காலத்தில் அது ஒரு சுற்றுலாத் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உக்ரைன் நாட்டின் பிரிப்பியாத் நகரம் இதற்குச் சான்று. செர்னோபில் அணுமின் நிலையப் பணியாளர்களுக்கென 1970-இல் நிறுவப்பட்ட நகரம் அது. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் விடியுமுன் நான்காம் அணு உலை வெடித்தது. மறுநாள் பிற்பகலில் ஏறத்தாழ 49,000 மக்கள் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டனர். மூன்று நாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டால் போதும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த மூன்று நாள்கள் இன்னும் முடியவில்லை. 2011-இல் உக்ரைன் அரசு அப்பகுதியை முறையாகச் சுற்றுலாவுக்குத் திறந்தது. 2022-இல் மூண்ட போர் அதை நிறுத்தியது.

இத்தகைய நகரம் ஒன்று நம் தமிழகத்திலும் உண்டு. தனுஷ்கோடியை அழித்தது அணுக்கதிர் அன்று, கடல். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து புகைவண்டியில் வந்தோர் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். புகைவண்டி நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, கோவில், கத்தோலிக்க ஆலயம் யாவும் அங்கிருந்தன. 1964-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் இருக்கையில், டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணியர் வண்டி நிலையத்தை அடையுமுன்னரே அலைகளுள் மூழ்கியது. அப்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர். வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின், அங்குச் செல்வோர் தொகை பெருகியது. கூரையிழந்த ஆலயச் சுவர்களின் நடுவே, பலிபீடம் இருந்த இடத்தருகே நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். 'கைவிடப்பட்ட நகரம்' என்று சொல்லித் திரும்புகின்றனர்.

கைவிட்டவர் யார்? துறைமுகமும் இரயிலும் அலுவலகங்களும் அகன்றன. மீனவர் மீண்டும் வந்தனர். மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து, ஓலைக் குடிசைகளில் வாழ்ந்து, அதே கடலில் வலை வீசினர். செர்னோபிலைச் சுற்றிய தடைப் பகுதியிலும், தம் சிற்றூர்களுக்குத் திரும்பிய முதியோர் உண்டு. அவருள் மூதாட்டியரே மிகுதி. கண்ணுக்குத் தெரியாத நஞ்சுள்ள மண்ணுக்கு அவர்கள் திரும்பியதை நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால், அவர்களைக் காணாதது போலக் கடந்து செல்வதும் நேர்மையன்று.

கொடைக்கானல் மேல்மலையில் பேருந்து நின்றுவிடும் கடைசி ஊராகிய கிளாவரையில் இருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். வந்து பார்ப்பவருக்கு அது சாலையின் முடிவு. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர்க்கோ வீடும் நிலமும் அங்கேதான். ஓர் இடத்தை ஆளில்லாத ஊர் என்று நாம் சொல்லும்போது, மின்விளக்கும் மருத்துவமும் பள்ளியும் கேட்பதற்கு அங்கு யாருமில்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

எருசலேமின் அழிவுக்கு அழும் புலம்பல் நூல் இடிந்த மதில்களோடு நின்றுவிடுவதில்லை. பசித்த குழந்தைகளையும் முதியோரையும் தாய்மாரையும் அது நம் கண்முன் நிறுத்துகிறது. தனுஷ்கோடிக்குச் செல்லும் இறைமக்களும் அவ்வாறே காணலாம். கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துள் நுழைவதுபோல் அமைதியாய் அவ்வாலயத்துள் நுழைவோம், மாண்டோர்க்காகச் செபிப்போம். பின்னர், அருகிலுள்ள குடிசையில் வாழ்பவரிடம் நலம் விசாரித்து, அவர்களுக்கு என்ன குறை என்று கேட்டுவருவோம்.