ஸ்காபரோ – ரூஜ் பார்க்: கோடுகள் மாறிய ஒரு வட்டாரத்தின் தேர்தல் வரலாறு

கனடாவின் ரொறன்ரோ மாநகரசபையின் 25 ஆம் வட்டாரமான ஸ்காபரோ – ரூஜ் பார்க்கில் 2025 செப்டெம்பர் 29 ஆம் திகதி நடைபெற்ற இடைத்தேர்தலில் நீதன் சாண் வெற்றி பெற்றார். எமது மக்கள் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்து வாழும் பிரதேசம் என்பதனால் இவ்வெற்றி இங்கும் மகிழ்ச்சியுடன் நோக்கப்பட்டது. ஆயினும், இவ்வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றை ஒரு தனிமனிதரின் வெற்றி தோல்விக் கதையாக மாத்திரம் பார்த்துவிட முடியாது. வாக்களிப்பவர்கள் யார் என்பதைப் போலவே, வாக்களிக்கும் எல்லையைக் கீறுபவர்கள் யார் என்பதும் முக்கியமானது என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

ஸ்காபரோ ஒரு காலத்தில் தனக்கெனச் சொந்த நகரசபையைக் கொண்டிருந்த புறநகராகும். 1983 ஆம் ஆண்டு மாநகர அந்தஸ்தைப் பெற்ற அது, 1998 ஜனவரி முதலாம் திகதி ஒன்ராரியோ மாகாண அரசின் சட்டத்தினால் ஏனைய ஐந்து உள்ளூராட்சி அமைப்புகளுடன் இணைக்கப்பட்டு ரொறன்ரோ மாநகரின் ஒரு பகுதியாயிற்று. இணைப்புக்கு முன்னர் 1997 இல் நடத்தப்பட்ட மக்கள் கருத்தறியும் வாக்கெடுப்புகளில், வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் எதிர்ப்பையே தெரிவித்திருந்தனர். எனினும் மாகாண அரசு தனது தீர்மானத்திலிருந்து பின்வாங்கவில்லை.

2000 ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக மாநகரம் 44 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஸ்காபரோவின் வடகிழக்கில், மல்வேர்ன் உள்ளிட்ட பகுதிகளைக் கொண்ட 42 ஆம் வட்டாரத்தின் உறுப்பினராக ரேமண்ட் சோ நீண்டகாலம் விளங்கினார். கொரிய வம்சாவளியைச் சேர்ந்த அவரை அசைப்பது எளிதாக இருக்கவில்லை. ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில் கட்சிகளுக்கோ சின்னங்களுக்கோ இடமில்லை என்பதை எமது வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வாக்குச்சீட்டில் பெயர்கள் மாத்திரமே இருக்கும். அதிக வாக்குகளைப் பெற்றவர் உறுப்பினராவார். இத்தகைய முறையில், மக்கள் நன்கறிந்த பழைய பெயருக்கு இருக்கும் பலம் பெரிதாகும். நீதன் சாணும் அவரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வி கண்டவரே.

2016 செப்டெம்பரில் ரேமண்ட் சோ மாகாண சட்டசபைக்குத் தெரிவானதால் வெற்றிடம் ஏற்பட்டது. 2017 பெப்ரவரி 13 ஆம் திகதி நடைபெற்ற இடைத்தேர்தலில் நீதன் சாண் வெற்றி பெற்று, ரொறன்ரோ மாநகரசபையின் முதலாவது தமிழ் உறுப்பினரானார். அயல் நகரான மார்க்கத்தில் லோகன் கணபதி 2006 ஆம் ஆண்டிலேயே நகரசபைக்குத் தெரிவாகியிருந்தமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மையமாகும். சனத்தொகை வளர்ச்சியைக் கருத்திற்கொண்டு பல்லாண்டு கால ஆய்வுக்கும் பொதுமக்கள் கலந்தாலோசனைக்கும் பின்னர் மாநகரசபை தனது வட்டாரங்களை 47 ஆக உயர்த்தியிருந்தது. 2018 ஒக்டோபர் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் மே மாதம் முதல் ஏற்கப்பட்டு வந்தன. வேட்பாளர்கள் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தனர். இந்நிலையில், வேட்புமனுக் காலம் முடிவடையும் தினமான ஜூலை 27 ஆம் திகதி, மாகாண முதலமைச்சர் டக் போர்ட் வட்டாரங்களின் எண்ணிக்கையை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 14 ஆம் திகதி அதற்கான சட்டமும் நிறைவேறியது. செலவு குறையும், தீர்மானங்கள் விரைவாகும் என்பது அரசின் வாதமாக இருந்தது. சுமார் 60,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த நிலை மாறி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒருவர் என்ற நிலை தோன்றியது.

செப்டெம்பர் 10 ஆம் திகதி ஒன்ராரியோ நீதிமன்றமொன்று அச்சட்டம் வேட்பாளர்களினதும் வாக்காளர்களினதும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது தினங்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இடைநிறுத்தியது. இறுதியில் ஒக்டோபர் 22 ஆம் திகதி, தேர்தல் 25 வட்டாரங்களிலேயே நடைபெற்றது.

பழைய 42 ஆம், 44 ஆம் வட்டாரங்களின் பகுதிகளை உள்ளடக்கியதாக உருவான புதிய 25 ஆம் வட்டாரத்தில், வடக்கே தமிழர்கள் செறிந்து வாழும் மல்வேர்னும் தெற்கே ஏரிக்கரையை அண்டிய போர்ட் யூனியன் போன்ற பகுதிகளும் ஒன்றாயின. அங்கு நீதன் சாண் 154 வாக்குகளால் ஜெனிபர் மெக்கெல்வியிடம் தோற்றார். கோடு மாறியதால்தான் அவர் தோற்றார் என நாம் கூறவரவில்லை. புதிய எல்லைக்குள் மக்களின் ஆதரவைத் திரட்டுவதில் மெக்கெல்வி வெற்றி கண்டார் என்பதே உண்மை. 2022 இல் மீண்டும் தெரிவான அவர், 2023 இல் மாநகர முதல்வர் ஜோன் டோரி பதவி விலகியபோது சில மாதங்கள் அப்பொறுப்புகளையும் கவனித்தார். 2025 ஏப்ரலில் ஏஜக்ஸ் தொகுதியிலிருந்து அவர் மத்திய பாராளுமன்றத்துக்குத் தெரிவானமையே அண்மைய இடைத்தேர்தலுக்கு வழிவகுத்தது.

சட்டப் போராட்டமோ 2021 ஒக்டோபர் முதலாம் திகதியே முடிவுற்றது. கனடிய உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் மாகாண அரசின் சட்டம் செல்லுபடியானதே எனத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்புச் சாசனம் உத்தரவாதமளிக்கும் வாக்குரிமை மத்திய, மாகாண சபைகளுக்கே உரியது. மாநகரசபைத் தேர்தலுக்கு அப்பாதுகாப்பு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாராம்சமாகும். ஜனநாயகத்தில் முன்னணி வகிக்கும் நாடொன்றிலேயே மக்களுக்கு மிக நெருக்கமான மன்றத்துக்கான வாக்குக்குக் குறைந்த பாதுகாப்பே உள்ளது என்பது சிந்தனைக்குரியது.

இவ்விடயத்தில் எமது நாட்டின் அனுபவம் ஒப்பிட்டு நோக்கத்தக்கது. வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்பதை, ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டமை தொடர்பான வழக்கில் எமது உயர் நீதிமன்றம் 1999 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியின்மையைக் காரணம் காட்டி நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்ட் 22 ஆம் திகதி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், தேர்தலோ 2025 மே 6 ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளே மன்றங்களை நிர்வகித்தனர். அங்கே தேர்தல் உரிய நாளில் நடந்தது, எல்லை இல்லாமற்போனது. இங்கே எல்லை இருந்தது, தேர்தல் இல்லாமற்போனது.

எல்லை நிர்ணயம் என்பது வரைபடத்தில் கோடு கீறும் தொழில்நுட்ப வேலை மாத்திரமல்ல. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் 2018 பெப்ரவரியில் முதன்முறையாக வாக்களித்த எமது மக்கள் இதனை நன்கறிவர். தமிழரும் முஸ்லிம்களும் சிதறி வாழும் பிரதேசங்களில், ஒரு வீதி அப்பாலா இப்பாலா என்பதே ஒரு சமூகத்தின் குரல் மன்றத்தில் ஒலிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும். மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதன் பின்னணியிலும் இவ்வச்சமே இருந்தது.

ஆகவே எல்லைகள் மாற்றப்படத்தான் வேண்டுமெனில், அது தேர்தலுக்குப் போதிய காலத்துக்கு முன்னரே, சுயாதீனமான ஆணைக்குழுவினால், மக்களின் கருத்தைக் கேட்டே செய்யப்பட வேண்டும். வேட்பாளர்கள் களமிறங்கிய பின்னர் களத்தை மாற்றும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கலாகாது. வீதியும் வடிகாலும் நூலகமும் யாருடைய கைகளில் என்பதைத் தீர்மானிக்கும் வாக்கு, பாராளுமன்றத்துக்கான வாக்கிலும் தரத்தில் தாழ்ந்ததல்ல என்பதைச் சட்டத்தில் எழுதி உறுதி செய்வதே ரூஜ் பார்க் வட்டாரத்தின் வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடமாகும்.