ஓக்லஹோமாவில் அடிபட்ட மியாட்டா

ஹிரோஷிமா நகரின் கடலோரத்தில் மஸ்தாவின் ஊஜினா தொழிற்சாலை இருக்கிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்ட எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் விற்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், அந்த ஊரில்தான் பிறக்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. நான் சொல்லப்போகும் கார் அதற்கு அடுத்த வருட மாடல். சிவப்பு நிறம், மடக்கும் துணிக்கூரை, கையால் மாற்றும் ஆறு கியர், 155 குதிரைத்திறன். எடை சுமார் 1,060 கிலோதான். எடையைக் குறைப்பதற்காக பானெட், முன் ஃபெண்டர்கள், டிக்கி மூடி எல்லாவற்றையும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். இந்த அலுமினியம் கதையில் மறுபடியும் வரும்.

டாலஸ் பக்கம் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இந்தக் காரின் படங்களை அனுப்பி, "மாமா, மூணுல ஒரு பங்கு விலை கம்மியா வருது, வாங்கிடலாமா?" என்று கேட்டான். கம்மியாக வருவதற்குக் காரணம் காரின் டைட்டிலில் இருந்த ஒரு முத்திரை. அமெரிக்காவில் வண்டியின் உடைமைப் பத்திரத்துக்கு டைட்டில் என்று பெயர். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டிக்கு முதலில் 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். யாராவது அதைச் சரிசெய்து மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் 'ரீபில்ட்' ஆகும். அதற்குப் பிறகு அது ஆயுள் முழுக்க ரீபில்ட் வண்டிதான். அப்படிப்பட்ட வண்டி சந்தை விலையைவிட 20 முதல் 40 சதவீதம் குறைவாகப் போவது வழக்கம்.

ஒரு வண்டி எங்கெல்லாம் போய்வந்தது என்று தேடிப் பிடிக்க அதன் 17 எழுத்து வின் எண் போதும். 1981 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் இதே அமைப்புதான். முன் கண்ணாடிக்குக் கீழே, டிரைவர் பக்க மூலையில், வெளியில் நின்றே படிக்கலாம். முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பானில் பிறந்தது. பத்தாவது எழுத்து மாடல் வருடம், 2017க்கு எச். அக்கா மகன் அனுப்பிய எண் இரண்டிலும் பொருந்தியது. அதைப் பிடித்துக்கொண்டு காரின் பின்னாலேயே போனோம்.

முதல் பயணம் கடல் வழி. ஆயிரக்கணக்கான கார்களை அடுக்கடுக்காக ஏற்றிச் செல்லும் கப்பல்களில்தான் மஸ்தா கார்கள் பசிபிக்கைக் கடக்கின்றன. அந்தக் கடலில் 2006 ஜூலையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கூகர் ஏஸ் என்ற கப்பல் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே சமநிலைக்காக நிரப்பும் பாலஸ்ட் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாலுமிகள் 23 பேரும் மீட்கப்பட்டார்கள்; பிறகு கப்பலை நிமிர்த்தப் போன மீட்புக் குழுவில் ஒரு நிபுணர் உள்ளே விழுந்து இறந்தார். கப்பலுக்குள் 4,703 மஸ்தா கார்கள் வாரக்கணக்கில் சாய்ந்தபடியே பட்டைகளில் தொங்கின. அவற்றில் 295 மியாட்டாக்கள். பெரும்பாலானவற்றில் வெளிப்பார்வைக்குப் பழுது எதுவும் இல்லை. விலைக்குக் கேட்டவர்கள் பலர். ஆனால் அப்படிச் சாய்ந்து கிடந்த காரில் உள்ளே என்ன கெட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றைக்கூட விற்க மஸ்தா சம்மதிக்கவில்லை. சுமார் 10 கோடி டாலர் பெறுமான புதுக் கார்களை 2008இல் போர்ட்லண்ட் நகரில் நொறுக்கினார்கள். நொறுக்குவதற்கு முன் ஒவ்வொரு காரிலும் ஏர்பேக்குகளை வெடிக்கவைத்தார்கள், யாரும் கழற்றி வேறு காரில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. உற்பத்தி செய்தவனே எந்தப் பாகத்தைக் கண்டு அதிகம் பயந்தான் என்பது இதில் தெரிகிறது.

நம் சிவப்புக் காருக்குக் கடல் சாதகமாகவே இருந்தது. பழுதில்லாமல் கரை சேர்ந்து ஓக்லஹோமாவில் ஒரு வீட்டுக்குப் போனது. சர்வீஸ் பதிவுகளின்படி முதல் சில வருடங்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றிய, அதிகம் ஓடாத கார். அப்புறம் ஒரு நாள் முன்பக்க இடது மூலையில் மோதல்.

இந்த இடத்தில் காரின் விதியை முடிவுசெய்தது இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு. உதாரணமாக, மோதுவதற்கு முந்தைய நாள் காரின் மதிப்பு 20,000 டாலர், சரிசெய்ய 12,500 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு மதிப்பில் 62.5 சதவீதம். ஓக்லஹோமா சட்டப்படி 60 சதவீதத்தைத் தாண்டினால் சால்வேஜ். டெக்ஸஸில் அந்தக் கோடு 100 சதவீதம். எல்லை ஆற்றுக்கு அந்தப்பக்கம் டெக்ஸஸில் இதே அடி பட்டிருந்தால் சட்டம் முத்திரை குத்தச் சொல்லியிருக்காது. அந்தக் கார் இன்று சுத்தமான டைட்டிலோடு, முழு விலையில், எந்தக் கேள்வியும் இல்லாமல் விற்பனைக்கு நின்றிருக்கலாம். முத்திரையைப் பார்த்து மட்டும் பயப்படுவதும், முத்திரை இல்லையென்று மட்டும் நம்பிவிடுவதும் சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

முத்திரைக்குள்ளேயே எத்தனையோ வகை. ஓக்லஹோமாவும் டெக்ஸஸும் ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன மாநிலங்கள். எலுமிச்சை அளவு கட்டிகள் கால் மணி நேரம் விழுந்தால் பானெட் முழுக்கக் குழிவிழுந்து, எஞ்சினில் ஒரு குறையும் இல்லாத கார்கூட சில மாநிலங்களில் சால்வேஜ் ஆகிவிடும். அப்படி ரீபில்ட் ஆன கார் கிடைத்தால் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். இன்னொரு ஓரத்தில் வெள்ளத்தில் மூழ்கிய கார். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது லட்சக்கணக்கான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றை நிறுத்த இடம் போதாமல் காலேஜ் ஸ்டேஷனில் இருந்த டெக்ஸஸ் வேர்ல்டு ஸ்பீட்வே பந்தயத் திடலையே வாடகைக்கு எடுத்தார்கள். தண்ணீர் இறங்கிய ஒயரிங்கில் பச்சை பூத்து, இரண்டு வருடம் கழித்து ஒரு மழை நாளில் வேலையைக் காட்டும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வெள்ளக் கார் வேண்டாம்.

நம் கார் இரண்டுக்கும் நடுவில். மோதிய கார் ஏலத் திடலுக்குப் போனது. இன்றைக்கு சால்வேஜ் ஏலம் பெரும்பாலும் இணையத்தில்தான் நடக்கிறது. ஏலம் எடுப்பவர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோகூட இருக்கலாம். அதனால் ஒவ்வொரு காரையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கார் விற்றுப்போன பிறகும் அந்தப் படங்கள் வின் எண்ணோடு இணையத்தில் தங்கிவிடுவது பல சமயம் நடக்கிறது. ரீபில்ட் கார் வாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அடிபட்ட கோலத்தில் காரைப் பார்க்காமல், பளபளவென்று பெயின்ட் அடித்த கோலத்தில் மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. படம் கிடைக்கவில்லை, விற்பவரும் தர மறுக்கிறார் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்களுக்குப் படம் கிடைத்தது. இடது ஹெட்லைட் இல்லை, பம்பர் தொங்குகிறது, ஃபெண்டர் கசங்கியிருக்கிறது. சக்கரம் நேராகத்தான் நிற்கிறது, அது நல்ல சேதி. ஆறாவது படம் கதவுக்கு வெளியிலிருந்து உள்ளே பார்த்து எடுத்தது. ஸ்டியரிங் நடுவிலிருந்து வெள்ளைத் துணி காற்றிறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

விற்பவர் விளம்பரத்தில் 'சின்ன இடி, டிங்கரிங் பெயின்டிங் மட்டும்' என்ற பொருளில் எழுதியிருந்தார். ஏர்பேக் பற்றி ஒரு சொல் இல்லை.

ஏலத்திலிருந்து ஒரு சிறிய பட்டறைக்குப் போய், அங்கே புதுப் பானெட், ஃபெண்டர், லைட் எல்லாம் பொருத்திக்கொண்டு கார் ரீபில்ட் சோதனைக்குப் போனது. ஓக்லஹோமாவில் அந்தச் சோதனை வின் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா, அழித்து எழுதப்பட்டதா, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா, ஓடிய மைல் கணக்கு சரியா என்று பார்ப்பதற்கானது. பிரேக் பிடிக்கிறதா, சேஸிஸ் நேராக இருக்கிறதா, ஏர்பேக் வேலை செய்யுமா என்பதெல்லாம் அதில் வராது. வேறு பல மாநிலங்களிலும் இதே நிலைதான். "கவர்மென்ட்டே செக் பண்ணிக் கொடுத்த கார்" என்று விற்பவர் சொல்லும்போது, எதை செக் பண்ணியது என்று கேட்க வேண்டும்.

காரை நேரில் பார்க்க வெளியாள் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அக்கா மகன் கையில் காந்தம் வைத்திருந்தான். பானெட்டில் வைத்தான், விழுந்தது. புட்டி அப்பியிருக்கிறார்கள் என்று பதறி எனக்குப் போன் செய்தான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இந்தக் காரின் முன் ஃபெண்டரில் ஒட்டினால்தான் யாரோ எஃகுத் தகடு மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள எஃகுத் தகட்டில் காந்தம் கெட்டியாக ஒட்டியது. லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்த்தபோது முன்பக்கச் சட்டங்களில் மடிப்போ புது வெல்டிங்கோ இல்லை. வீல் அலைன்மென்ட் நான்கு சக்கரத்திலும் அளவுக்குள் வந்தது. ஓட்டிப்பார்த்தால் கைவிட்டாலும் நேராகப் போகிறது. உலோக வேலை செய்தவர் நன்றாகவே செய்திருக்கிறார்.

மிச்சம் ஏர்பேக். சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே செத்துப்போகச் செய்திருக்கிறார்கள். அணையாமல் நின்றால் கோளாறு. இந்தக் காரில் எரிந்து அணைந்தது. ஆனால் ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சில காசு விலையுள்ள ஒரு ரெசிஸ்டரைச் சொருகினாலும் கம்ப்யூட்டர் ஏமாந்து விளக்கை அணைத்துவிடும். அதனால் மெக்கானிக் டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் தைத்திருந்த லேபிளைப் படித்தார். தேதி கார் செய்யப்பட்ட காலத்தோடு ஒத்துப்போனது. மோதலில் ஏர்பேக் விரியும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சிறு வெடிமருந்தும் வழக்கமாகக் கூடவே வெடித்துவிடும். ஒருமுறை வெடித்த பெல்ட்டை மாற்ற வேண்டும். இங்கே மாற்றவில்லை. வெடித்த பெல்ட்டையும் ஏர்பேக் கம்ப்யூட்டரையும் தபாலில் அனுப்பி, நினைவை அழித்து ரிப்பேர் செய்து வாங்கிப் பொருத்தும் வழக்கமும் அங்கே உண்டு. அப்படிச் செய்தாரா, ஒன்றுமே செய்யவில்லையா? ஸ்டியரிங்கைத் திறந்து ஏர்பேக்கின் பின்பக்க லேபிளைப் படிக்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். விற்பவர் விடவில்லை. ரசீதும் இல்லை.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விபத்துக்குப் பிறகு மலிவான வெளிநாட்டு ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் பொருத்தப்பட்ட பழைய கார்களில், அதற்கு முந்தைய ஒன்பது மாதத்துக்குள் மூன்று பேர் இறந்திருந்தார்கள், இரண்டு பேர் உருக்குலைக்கும் படுகாயங்களோடு பிழைத்தார்கள். காப்பாற்ற வேண்டிய பாகம் உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. கெட்டியான கூரை இல்லாத, தரையோடு தரையாக ஓடும், ஒரு டன் எடைக் காரில் உட்காரப்போவது என் அக்கா பிள்ளை.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். மஸ்தா டீலரிடம் புது ஏர்பேக், புது பெல்ட், புது கம்ப்யூட்டர் என்ன விலை என்று எழுதி வாங்கு. அந்தத் தொகையைக் கேட்ட விலையில் கழித்துச் சொல். அதற்கு முன் இன்சூரன்ஸுக்குப் போன் செய். ரீபில்ட் வண்டிக்கு மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டும்தான் தருவோம் என்று சொல்லும் கம்பெனிகள் பல. பேங்க் கடனும் எளிதில் கிடைக்காது, உற்பத்தியாளர் வாரன்ட்டியும் போயிருக்கும். அடுத்த முறை மோதினால் கைக்கு வரும் தொகையும் குறைந்த மதிப்புக்குத்தான். விற்கப்போகும்போது நீ பார்க்கும் இதே சந்தேகப் பார்வையோடுதான் அடுத்தவனும் வருவான். இவ்வளவும் சேர்ந்த பிறகும் கணக்கு உதைக்காவிட்டால் வாங்கு, முதல் மாதமே அந்த மூன்று பாகங்களையும் மாற்று.

டீலர் சொன்ன தொகையைக் கழித்தபோது விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வாங்கவில்லை. இப்போது ஆலங்கட்டி அடி வாங்கி ரீபில்ட் ஆன ஒரு 2019 மியாட்டாவின் வின் எண்ணை அனுப்பியிருக்கிறான். ஏலப் படங்களில் குழிவிழுந்த பானெட்டும் கிழிந்த கூரைத் துணியும் தெரிகின்றன, ஸ்டியரிங் மூடி அப்படியே இருக்கிறது. அதை லிஃப்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.