நகரங்கள் இலக்கான கதை

1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டபோது, பொதுமக்கள் மீது குண்டு வீசலாகாதென அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேண்டினார். பிரித்தானியாவும் ஜேர்மனியும் இணங்கின. ஆறாண்டுகள் கழியுமுன் ஐரோப்பாவிலும் யப்பானிலும் பெருநகரங்கள் பல சாம்பராயின. இதனை யுத்தவெறி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நாம் அமைதி காணலாகாது.

இதற்கான சித்தாந்தம் முன்பே பிறந்துவிட்டது. படைகளைவிட நகரமக்களைத் தாக்குவதே வெற்றிக்கு வழியென்றும், அஞ்சிய மக்கள் தம் அரசைப் பணியவைப்பர் என்றும் இத்தாலியத் தளபதி டூஹே 1921 இல் எழுதினார். 1937 இல் கெர்னிக்காவிலும் 1940 இல் ரொட்டர்டாமிலும் இலண்டனிலும் ஹிட்லரின் விமானங்கள் நகரங்களைத் தாக்கின.

நாசிசத்தை எதிர்த்து நின்ற பிரித்தானியாவும் அதே வழியைப் பற்றியது ஏன்? பழிவாங்கும் உணர்ச்சி மட்டுமன்று காரணம். பகலிற் சென்ற விமானங்கள் பெருமளவில் வீழ்த்தப்பட்டமையால், அவை இரவிற் பறக்க நேர்ந்தது. இருளிலோ குறி தவறியது. இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றிலொன்றே அதன் 5 மைல் எல்லைக்குட் சென்றதென 1941 ஆகஸ்டில் பட் அறிக்கை காட்டியது. தொழிற்சாலையைத் தாக்க இயலாத படைக்குத் தவறவிட முடியாத இலக்கொன்று வேண்டியிருந்தது. நகரமே அவ்விலக்காயிற்று. பகைநாட்டு மக்களின், சிறப்பாகத் தொழிலாளரின், மனவுறுதியைக் குலைப்பதே நோக்கமென 1942 பெப்ரவரி 14 ஆம் நாட் கட்டளை வகுத்தது.

இக்கட்டளையின் பொருளை ஹம்பேர்க் நகரிற் காண்கின்றோம். 1943 ஜூலை 27 ஆம் நாள் இரவு, வீடுகள் நெருங்கிய ஹம்மர்புறூக் முதலான தொழிலாளர் பகுதிகளைத் தீப்புயல் விழுங்கியது. அவ்வாரத் தாக்குதல்களில் 34,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹிட்லர் பதவியேறுமுன் அப்பகுதிகள் இடதுசாரிகளின் கோட்டைகளாயிருந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

எதிர்பார்த்த கிளர்ச்சி எழவில்லை. வீடிழந்தவர் உணவுக்கும் உறையுளுக்கும் அதே அரசையே நம்ப நேர்ந்தது. 1942 தொடக்கத்திலிருந்து 1944 நடுப்பகுதிவரை ஜேர்மனியின் ஆயுத உற்பத்தி ஏறத்தாழ மும்மடங்காயிற்று. பின்னர் அதனை முடக்கியவற்றுள் முதன்மையானவை எண்ணெய் ஆலைகள் மீதும் புகையிரதப் பாதைகள் மீதும் நிகழ்ந்த தாக்குதல்களே. எனினும் 1945 மார்ச்சில் தோக்கியோவின் மரவீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அழிந்தன.

ஒரு நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கொள்ளும் குண்டுவீச்சைச் சர்வதேசச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்தது 1977 இலேயே. சட்டம் பிறந்துவிட்டது, பழைய தர்க்கம் மடியவில்லை. யுத்தச் செய்திகளில் 'இலக்கு' என்ற சொல்லைக் காணுந்தோறும் அங்கு வாழ்பவர் யாவரென வினவ நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக.